பாட்டியின் தகர டின்: நம் முதியோர் சேமித்த வரலாறு



1984ஆம் ஆண்டில் என் தாய்வழிப் பாட்டி காலமானார். கருமாதி முடிந்த மறுநாள், அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்த மைலோ டின் ஒன்றை என் மாமா எடுத்துத் திறந்தார். உள்ளே ஐந்து பொருள்கள் இருந்தன. நூலால் கட்டிய ஜப்பானியர் காலத்து நோட்டுக் கட்டு ஒன்று. அடகுக்கடைச் சீட்டு ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகத்தில் கோணல் எழுத்தில் கூட்டுக் கணக்கு. நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். பச்சை அட்டை போட்ட சேமிப்புப் புத்தகம். மாமா அந்த நோட்டுக் கட்டைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒன்றுக்கும் உதவாத காகிதத்தைக் கிழவி நாற்பது ஆண்டுகள் கட்டிக் காத்தாரே என்று அன்று எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

முதியோர் எப்படிச் சிக்கனமாக வாழலாம் என்று அறிவுரை கூறுவோர் இன்று பலர் இருக்கின்றனர். விளக்கை அணையுங்கள், தள்ளுபடி நாளில் வாங்குங்கள், வரவு செலவை எழுதி வையுங்கள் என்று கூறுகின்றனர். அவை நல்ல அறிவுரைகளே. ஆயினும் நம் தாத்தா பாட்டிமார்களுக்குச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை என்றுமே இருந்ததில்லை. காசை மிச்சப்படுத்துவது அவர்களுக்குக் கைவந்த கலை. மிச்சப்படுத்திய காசை எங்கே வைப்பது என்பதுதான் அவர்களை வாழ்நாள் முழுவதும் அலைக்கழித்த கேள்வி. அந்த டின்னில் இருந்த ஒவ்வொரு பொருளும் அக்கேள்விக்கு ஒரு காலத்தில் அவர் கண்ட விடை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் வருமானத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் சில முக்கியப் பகுதிகளில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயச் சம்பளம் என்ற ஒன்று வகுக்கப்பட்டது. போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தொலைவான உட்பகுதிகளில் 58 காசும் 46 காசும். மாதத்தில் 25 நாள் பெரட்டில் பெயர் கொடுத்து வேலை செய்த கணவனும் மனைவியும் சேர்ந்து 22 வெள்ளி 50 காசு ஈட்டினர். அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய், துணி, கோயில் வரி, ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கள்ளுக்கடை வாசலில் கரைந்த காசு தனிக் கணக்கு. அதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது, சம்பளம் குறைக்கப்பட்டது, வேலையற்றவர்கள் கப்பலேற்றித் தமிழகத்திற்கு அனுப்பப்பட்டனர். 1930க்கும் 1932க்கும் இடையில் அவ்வாறு திரும்பியோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்படித் திரும்பியவர்களில் எத்தனை பேர் கையில் எதையேனும் கொண்டு போனார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இளமையில் பால்மரம் வெட்டிய கைகள் தளர்ந்த பின் தோட்டத்தில் இருந்த வேலை புல் பிடுங்குவதும் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பதுமே. பெரும்பாலான தோட்டத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. லயத்து வீடுகூட வேலை இருக்கும் வரையில்தான். ஆகவே வயதானவர்கள் கஞ்சத்தனத்தால் காசை இறுகப் பிடித்தார்கள் என்று நினைப்பது பிழை. அவர்களிடம் இருந்தது பயம். அதுவும் காரணமுள்ள பயம்.

அந்தப் பயம் வீட்டுக்குள் எத்தனையோ நுட்பங்களை உண்டாக்கியது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போடுவார் பாட்டி. மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்கு முற்றும்போது அந்தப் பிடி அரிசிப் பானை மூன்று நாள் குடும்பத்தைக் காப்பாற்றும். அரிசியை அளப்பது கெட்டிப்பால் டின்னால். கோதுமை மாவுச் சாக்கை வெளுத்துத் தலையணை உறையும் பிள்ளைகளுக்கு உள்பாவாடையும் தைப்பார்கள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்தால் கோழிக்கூட்டுக்குக் கூரை. வெட்டாமல் கைப்பிடி போட்டால் தண்ணீர்க் குடம். பட்டுப்போன ரப்பர் மரத்து விறகு, அடுப்புச் சாம்பலில் பாத்திரம் தேய்த்தல், லயத்துக்குப் பின்புறம் முருங்கை, மரவள்ளி, கருவேப்பிலை. இவற்றையெல்லாம் சிக்கனம் என்று அவர்கள் பெயரிட்டு அழைத்ததில்லை. அப்படித்தான் வீடு நடந்தது.

இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது மாடு. பல தோட்டங்களில் வயதான தம்பதியர் ஒரு கறவை மாடாவது வைத்திருப்பார்கள். காலையில் கறந்த பால் கிராணி வீட்டுக்கும் டவுன் காப்பிக் கடைக்கும் போகும். கன்று ஈன்றால் முதல் பெருகிற்று. பால் கொடுத்தால் நாள்தோறும் வட்டி. புல்லோ தோட்டத்துப் புல். எந்த வங்கியும் அந்நாளில் கொடுக்காத வட்டியை அந்த மாடு கொடுத்தது. ஆனால் நோய் வந்து விழுந்தால் முதலும் வட்டியும் ஒரே நாளில் போயின. தோட்டம் கைமாறி, மாடு வளர்க்கக் கூடாதென்று புது நிர்வாகம் உத்தரவிட்டால், கிடைத்த விலைக்கு விற்க வேண்டியதுதான்.

தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கினால் விலை கூடுதல். கடைக்காரர் எழுதியதே கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனுக்கு நடந்தே போய் ரொக்கத்துக்கு வாங்கி வருவதை எங்கள் பாட்டி ஒரு விரதம்போல் கடைப்பிடித்தார். போக மூன்று மைல், வர மூன்று மைல். பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக அன்று. கடைக்காரரின் புத்தகத்தில் தம் பெயர் ஏறாமல் இருப்பதற்காக. கடன் புத்தகத்தில் பெயர் இல்லாதவரிடம் கடைக்காரர் பேசும் தோரணையே வேறு என்று அவர் சொல்லுவார்.

இனி டின்னுக்கு வருவோம்.

சேமிப்பு வங்கி இந்த நாடுகளுக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் தொடங்கப்பட்டது. மலாய் மாநிலங்களில் பேராக் 1888இல் அதைப் பின்பற்றியது. ஏழை எளியோரும் சிறு தொகை போடலாம் என்பதே இதன் நோக்கம். ஆயினும் தோட்டத்துத் தமிழர்களில் மிகச் சிலரே அந்தக் கதவைத் தட்டினர். அஞ்சலகம் டவுனில் இருந்தது. அது திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் மரத்தடியில் இருந்தனர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. இவர்கள் கைநாட்டு வைப்பவர்கள். அதே அஞ்சலகத்துக்கு ஊருக்குப் பணம் அனுப்பப் போனவர்கள், பணம் போட்டு வைக்கப் போகவில்லை. சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி, கடைசியில் தாமும் ஊருக்குப் போய்ச் சேர்வதுதான் அன்றைய திட்டம். இந்நாட்டில் முதுமை எய்துவோம் என்று அவர்கள் எண்ணவே இல்லை. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடை செய்தபோது போக்குவரவு சுருங்கிற்று. அதன் பின்னர் போர் வந்தது. தாத்தாக்களும் பாட்டிகளும் இங்கேயே தங்கியது இப்படித்தான்.

நகரங்களில் இருந்தவர்களுக்குச் செட்டியார் கிட்டங்கி இருந்தது. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட், கோலாலம்பூரில் அம்பாங் ஸ்திரீட், பினாங்கில் பினாங்கு ஸ்திரீட். அங்கே கணக்கு தமிழில் எழுதப்பட்டது; கேட்கப்பட்டதும் தமிழில்தான். கடன் வாங்கப் போனவர்களே மிகுதி. ஆனால் தெரிந்தவர் மூலம் சிறு தொகையை ஒப்படைத்து வைத்தவர்களும் உண்டு. அரசாங்க ஊழியர்களுக்கு 1922க்குப் பின் மற்றொரு வழி பிறந்தது. அவ்வாண்டு கூட்டுறவுச் சட்டம் வந்து, அஞ்சல் தந்தி ஊழியர்களின் சிக்கன கடன் சங்கம் முதலாவதாகப் பதிவாயிற்று. சிங்கப்பூரில் அரசாங்க ஊழியர் சிக்கன கடன் சங்கம் 1925இல் எழுந்தது. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் முறை இது. கையில் வராத காசு செலவாவதில்லை என்பதைக் கண்டறிந்தவர்கள் இவர்கள்.

இந்த நிலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

ஜப்பானியர் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் குலையோடு கூடிய வாழை மரம் அச்சாகியிருந்தது. அதனால் அந்தப் பணம் முழுவதற்குமே வாழைமர நோட்டு என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பின்னால் எண்ணே இல்லாமல் அச்சடித்துத் தள்ளினர். பொருள் குறைய, நோட்டு பெருக, விலை ஏறியது. அரிசிக்குப் பதில் மரவள்ளியும் சக்கரைவள்ளியும். புழக்கத்திலுள்ள பணத்தை இழுத்துக்கொள்ள ஜப்பானியர் சேமிப்பு இயக்கம் நடத்தினர். சிங்கப்பூரில் 1943இல் லாட்டரிச் சீட்டும் விற்றனர். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கான தோட்டத்துத் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். மகன் சயாமுக்குப் போக, மருமகள் நோயில் விழ, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த முதியோர் பலர். அந்தப் பிள்ளைகளுக்காக அவர்கள் சேர்த்தது எது? அந்த நோட்டுகளைத்தான்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தனர். மாற்று விகிதம் எதுவும் தரப்படவில்லை. மூன்றரை ஆண்டுச் சேமிப்பு ஒரே அறிவிப்பில் குப்பையாயிற்று. பிள்ளைகள் அவற்றை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினர்.

இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. போருக்கு முன் நல்ல வெள்ளியைக் கடனாக வாங்கியவர்கள், ஆக்கிரமிப்பின் கடைசி மாதங்களில் மலிந்துபோன வாழைமர நோட்டால் அதைத் தீர்த்துவிட்டிருந்தனர். கொடுத்தவர் தலையில் துண்டு. வழக்குகள் பெருகின. 1948இல் அரசாங்கம் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஜப்பான் நோட்டின் மதிப்பு மாதத்துக்கு மாதம் எப்படி விழுந்தது என்று அட்டவணை போட்டு, எப்போது கட்டிய தொகைக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்டனர். கடனுக்கும் பாக்கிக்கும் இப்படி ஓர் ஏற்பாடு கிடைத்தது. பானைக்குள் நோட்டை வைத்திருந்த கிழவிக்கு எந்த அட்டவணையும் இல்லை.

அக்காலத்தைக் கடந்த முதியோர் ஏன் காகிதத்தை நம்பாமல் பொன்னையே நம்பினர் என்பது இப்போது விளங்கும். 1942இலும் பொன்னுக்கு மதிப்பு இருந்தது, 1945இலும் இருந்தது. தாலி, தோடு, மூக்குத்தி, ஒரு ஜோடி காப்பு ஆகியவற்றைப் போரின்போது மண்ணில் புதைத்து, போர் முடிந்ததும் தோண்டி எடுத்தவர்கள் உண்டு. நகை போட்டுக்கொள்ளும் ஆசை என்று நம் பெண்களைக் கேலி பேசுவோர் இந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆனால் பொன்னுக்கும் ஒரு குறை இருந்தது. அவசரத்துக்கு அதை உடைத்துச் செலவு செய்ய முடியாது. அடகு வைக்கத்தான் முடியும். டின்னில் இருந்த சீட்டு அதைத்தான் சொன்னது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டம் வட்டிக்கு வரம்பு கட்டி, மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி என்று வைத்தது. பொருளை மீட்க 6 மாதத் தவணை. 100 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 12 வெள்ளி வட்டி. ஓராண்டு நீடித்தால் 24 வெள்ளி. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது உள்ளே போகும் காப்பு, மீண்டு வந்து, தீபாவளிக்கு மறுபடியும் போகும். பத்தாண்டில் அந்தக் காப்பின் விலையை வட்டியாகவே கட்டியிருப்பார்கள். எங்கள் பாட்டியின் சீட்டில் தவணை தேதி கடந்திருந்தது. காப்பு போனது போனதுதான்.

கூட்டுக் கணக்கு நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் 20 வெள்ளி போடுவார்கள். முதல் மாதத்து 200 வெள்ளி கூட்டு நடத்துபவருக்கு. அடுத்த மாதம் முதல் குலுக்கல், அல்லது ஏலம். அவசரம் உள்ளவர் 30 வெள்ளி தள்ளிக் கேட்டால் 170 வெள்ளி அவர் கைக்குப் போகும். தள்ளிய 30 மற்றவர்களுக்குப் பங்காகும். முன்னால் எடுப்பவருக்கு இது கடன். பின்னால் எடுப்பவருக்கு இது வட்டியோடு கூடிய சேமிப்பு. கையெழுத்து, படிவம், ஜாமீன் ஏதும் வேண்டாம். அவமானத்துக்கு அஞ்சுவதே ஜாமீன். ஒரே லயத்தில் வாழ்பவர்களுக்குள் அது போதுமானதாக இருந்தது.

கூட்டு தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, முகம் தெரியாதவர்களைச் சேர்த்துக்கொண்டபோதுதான் கேடு விளைந்தது. எடுத்தவர் தலைமறைவானார், நடத்தியவர் ஊரை விட்டே ஓடினார். 1971இல் மலேசிய நாடாளுமன்றம் கூட்டு நிதியைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே கூட்டு என்னும் நம் தமிழ்ச் சொல் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்ச் சொல் ஒன்று நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியது என்று மகிழலாமா, தடைச் சட்டத்தில் ஏறியதே என்று வருந்தலாமா, தெரியவில்லை. சிங்கப்பூர் அதே 1971இல் வேறு வழியை மேற்கொண்டு, சீட்டு நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. அதற்கு இரண்டாண்டு கழித்து, 1973இல், அங்கே பெரிய சீட்டு நிறுவனம் ஒன்று நொடித்துப் பல்லாயிரம் சிறு சேமிப்பாளர்களின் பணம் முடங்கியது. அதன் தலைவர் சிறை சென்றார். பாட்டியின் நோட்டுப் புத்தகத்திலோ கடைசிப் பக்கம் வரை எல்லாப் பெயருக்கும் நேரே கோடு போட்டிருந்தது. எல்லாரும் கட்டி முடித்திருந்தார்கள். சட்டப்படி குற்றமான ஒரு கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனிச் சேமநிதி. இதைப் பற்றி நேயர்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள்; சுருக்கமாகச் சொல்கிறேன். மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951 அக்டோபரில் தோன்றியது; சந்தா 1952 ஜூலை முதல் வசூலாயிற்று. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 ஜூலை முதல் தேதியில் அதே விகிதத்தில் தொடங்கியது. 1984இல் இரு தரப்பும் 25 விழுக்காடு கட்டும் அளவுக்கு உயர்ந்து, 1986இல் முதலாளியின் பங்கு 10 ஆகக் குறைக்கப்பட்டது. 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆரம்ப ஏற்பாடு.

வாழ்நாளில் நூறு வெள்ளி நோட்டைச் சேர்ந்தாற்போல் பத்துத் தடவை கண்டிராதவர்கள் கையில் ஒரே நாளில் சில ஆயிரம் வெள்ளி வந்து விழுந்தது. வந்த செய்தி லயம் முழுவதும் பரவியது. மகளுக்குக் கலியாணம், பேரனுக்கு மோட்டார் சைக்கிள், மருமகனுக்கு வியாபாரம், தம்பிக்குக் கைமாற்று. கேட்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள் பெரியவர்கள். முப்பதாண்டுச் சேமிப்பு மூன்று மாதத்தில் தீர்ந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஜப்பானியர் நோட்டைச் செல்லாக் காசாக்கியவர்கள் வெளியார். சேமநிதியைக் கரைத்தவர்கள் நாமே. 1987இல் சிங்கப்பூர் குறைந்தபட்சத் தொகை ஒன்றைக் கணக்கிலேயே நிறுத்தி வைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அங்கே முணுமுணுப்பு எழுந்தது. தம் பணத்தைத் தாம் எடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் இல்லை என்று சொல்லும் பொறுப்பைப் பாட்டியின் தலையிலிருந்து எடுத்து அரசாங்கம் தன் தலையில் போட்டுக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பங்குப் பத்திரத்தின் கதை இவற்றிலிருந்து மாறுபட்டது. 1957இல் மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. வாங்கியவர்களுக்கு லயத்து மக்கள் தேவைப்படவில்லை. வேலையும் வீடும் ஒருசேரப் போயின. தோட்டத்தை விற்கிறார்கள் என்றால் நாமே ஏன் வாங்கக் கூடாது என்று கேட்டவர் துன் வீ. தி. சம்பந்தன். அவர் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அமைச்சர் ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசலில் நின்று பத்து வெள்ளி கேட்டது நம் சமுதாயத்தில் அதற்கு முன் நடந்திராத காரியம். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பங்குக்கு எத்தனை விழுக்காடு ஈவு வரும் என்று எங்கள் பாட்டி கேட்கவில்லையாம். நம் காலடி மண் நம்முடையதாக இருக்குமா என்று மட்டும் கேட்டாராம். பத்து மாதம் கட்டினார். அவர் வாழ்ந்த தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. வேறு எவரோ வாங்கினார்கள். ஆனாலும் பத்திரத்தை அவர் விற்கவில்லை.

கூட்டுறவு என்ற பெயர் இருந்தாலே பணம் பத்திரம் என்று நம்பிவிடவும் கூடாது. 1986இல் மலேசியாவில் வைப்புத்தொகை ஏற்று வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை மத்திய வங்கி முடக்க நேர்ந்தது. கூடுதல் வட்டி என்ற சொல்லுக்கு மயங்கிப் பணம் போட்டவர்களில் ஓய்வுபெற்றோரும் இருந்தனர். அவர்கள் பணம் பல காலம் சிக்கிக் கிடந்தது. வங்கி கொடுப்பதைவிடப் பெரிதும் கூடுதலான வட்டியை ஒருவர் தருவதாகச் சொன்னால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஏலக் கூட்டில் அதற்கு விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது: அவசரத்தில் தள்ளிக் கேட்ட இன்னொரு பெண்ணின் பையிலிருந்து வந்தது.

கடைசியாக அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். மலேசியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1974 டிசம்பரில் தேசியச் சேமிப்பு வங்கியாக மாறியது. சிங்கப்பூரில் அது 1972இல் தனி வாரியமாகி, 1998இல் வளர்ச்சி வங்கியோடு சேர்ந்தது. எழுத்தறிவு பெற்ற பேரப்பிள்ளைகள் வீட்டில் வளர்ந்த பின்தான் நம் முதியோர் பலருக்கு வங்கிக் கதவு திறந்தது. பேத்தி படிவத்தை நிரப்புவாள், பாட்டி கட்டை விரலை வைப்பார். எங்கள் பாட்டியின் புத்தகத்தில் 300 வெள்ளிக்கு மேல் இருந்தது. அது இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வாரிசாக யாரையும் அவர் எழுதி வைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று மாமா பல மாதங்கள் அலைந்தார். பஸ்ஸுக்கும் பத்திரத்துக்கும் செலவான தொகை போக மீதியைத்தான் பங்கிட்டனர்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டும் அன்று. மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி, 7 ஆண்டுகள் அசைவில்லாமல் கிடக்கும் சேமிப்புக் கணக்குப் பணம் அரசாங்கப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அங்கே அது தொலைந்துவிடுவதில்லை. உரியவரோ வாரிசோ உரிய சான்றுகளோடு பின்னரும் கோரிப் பெறலாம். ஆனால் கணக்கு இருப்பதே தெரியாத வாரிசு எதைக் கோருவார்? ஊழியர் சேமநிதியிலும் வாரிசு நியமனம் செய்திருந்தால் பணம் விரைவில் கைக்கு வரும். சிங்கப்பூர் நேயர்களுக்கு இன்னும் ஒன்று. மத்திய சேமநிதிப் பணத்தை உயிலில் எழுதி வைத்துப் பயனில்லை. தனியாக நியமனம்தான் செய்ய வேண்டும். திருமணமாகும்போது முன் செய்த நியமனம் ரத்தாகிவிடும். மனைவியை இழந்து, முதிய வயதில் மறுமணம் செய்துகொண்ட பெரியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நியமனம் இல்லாவிடில் பணம் பொது அறங்காவலரிடம் போய், சட்டம் சொல்லும் பங்கின்படி பிரிக்கப்படும்.

இந்த வாரம் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வங்கி, எந்தச் சங்கம், எந்த அடகுக்கடை, சீட்டின் தவணை என்றைக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டாம். கேட்டால் சொல்ல மாட்டார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லுவார்கள்.

டின்னில் இருந்தவற்றைப் பிரித்தபோது வாழைமர நோட்டுக் கட்டை யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். மேலே இருந்த சில நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. அவை முதலில் வந்தவை, ஓரளவு மதிப்போடு இருந்த நாளில் சேர்த்தவை. கட்டைச் சுற்றியிருந்த காகிதத்தில் என் அம்மாவின் பெயரைப் பாட்டி யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். அம்மாவுக்கு அப்போது வயது ஐந்து. மைலோ டின்னை மாமி கழுவிக் காயவைத்து, மிளகாய் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்.